முகம் தெரியாதவருக்குக் கடன்

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய மளிகைக் கடைகளில் மாதக் கணக்கு வைத்துச் சாமான் வாங்கியவர்களுக்கு ஒரு நீள நோட்டு போதும். பையன் வந்து, "அம்மா அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றால் பொட்டலம் தயாராகும், பற்றில் ஒரு வரி ஏறும். அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று கடைக்காரருக்குத் தெரியும். கடன் அந்தப் பழக்கத்தின் பேரில்தான். பல மாடிகளும் ஏகப்பட்ட விற்பனையாளர்களும் கொண்ட அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் இது நடக்காது. கணக்கு வைத்திருப்பவர் யார், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர் யார் என்று கவுன்டரில் நிற்பவர் எப்படி அறிவார்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கடைகள் கண்ட வழி, சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளத் துளையிட்ட சிறு வில்லை. அதில் கடையின் முத்திரையும் கணக்கு எண்ணும் இருந்தன. வாடிக்கையாளரின் பெயர் இல்லை. தெருவில் கிடந்ததை எடுத்தவரும் அதைக் காட்டிக் கோட்டு வாங்கிவிடலாம்.

அந்த ஓட்டையை அடைத்தது, 1928இல் உருவாகி 1930களில் பரவிய சார்ஜா-பிளேட். இரண்டரை அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல அகலம் உள்ள உலோகத் தகடு. பெயரும் ஊரும் புடைப்பெழுத்தில் இருக்கும். பின்புறம், கையெழுத்திட்ட சிறு அட்டை ஒன்று செருகியிருக்கும். தகட்டை இயந்திரத்தின் குழியில் வைத்து, மேலே பில்லைப் பரப்பி, மை நாடாவை அழுத்தினால் பெயர் பில்லில் பதியும். கையால் எழுதும்போது வரும் பிழை போயிற்று. கையெழுத்தை ஒத்துப் பார்க்கவும் முடிந்தது. சில கடைகள் தகட்டை வாடிக்கையாளரிடம் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொண்டன (நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா). சில ஊர்களில் பல கடைகளுக்கு ஒரே தகடு செல்லுபடியானது. அப்படிப்பட்ட தகட்டின் ஓரத்தில் சிறு வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு கடையின் இயந்திரத்திலும் ஒரு முள். அதற்கு நேராக வெட்டு இருந்தால்தான் தகடு குழிக்குள் உட்காரும். எத்தனை கடைகள் இவரை நம்பிக் கணக்குத் திறந்தன என்பதை ஓரத்தைத் தடவியே எண்ணிவிடலாம்.

இவற்றைச் சேகரிப்பவர்கள் பலர் நாணயச் சேகரிப்பின் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறார்கள்: கீறல் இல்லாதது, கைபடாதது உசத்தி. இங்கே அது பொருந்தாது என்பதே என் கட்சி. நாணயம் எல்லோருக்கும் ஒன்றுதான்; புழங்கப் புழங்க அது சொல்வது குறையும். தகடு ஒரே ஒருவருக்காக அடித்தது; பெயர், வெட்டுகள், கையெழுத்து அட்டை எல்லாம் புழக்கத்தால் வந்து சேர்ந்தவை. பெயர் பொறிக்காத புத்தம்புதுத் தகடு, எழுதாத நோட்டு மாதிரிதான். எழுத்தே மழுங்கிப் படிக்க முடியாமல் போனால்? அப்போது சாட்சியம் போய்விட்டது, மதிப்பும் போக வேண்டியதுதான். அந்த அளவுக்கு நாணயக்காரர்கள் சொல்வது சரி. பிரபலம் அல்லாத யாரோ ஒருவர் பெயரில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் தகடுகளிலேயே பதில் உண்டு. பல தகடுகளில் 'மிஸஸ்' என்று போட்டு அடுத்துக் கணவரின் பெயர் மட்டும் இருக்கும். கடைக்கு வந்து வாங்கியவர் மனைவி. அவருடைய சொந்தப் பெயர் தகட்டில் எங்கும் இல்லை. கடன் கொடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974இல்தான். ஏராளமாக அடிக்கப்பட்டதால் சாதாரணத் தகடுகளுக்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் சந்தை விலையை வைத்து இந்தச் சேதியை எடைபோட முடியாது.

நம்மூரில் பெரிய கடைக்கும் சிறிய கடைக்கும் பேரேடே போதுமானதாக இருந்தபோது, இந்தத் தகடுகளை இங்கே பேசுவானேன் என்று கேட்கலாம். டைனர்ஸ் கிளப் கார்டு 1961இல் இந்தியாவுக்கு வந்தது. 1980களில் நம் வங்கிகளும் கார்டு கொடுக்கத் தொடங்கின. தகடு பிளாஸ்டிக் ஆயிற்றே தவிர, புடைப்பெழுத்து அப்படியே நின்றது. அந்த நாட்களில் தி.நகரின் ஜவுளிக் கடையிலோ நகைக் கடையிலோ கார்டு ஏற்றுக்கொண்டால், கல்லாவுக்குப் பக்கத்தில் கார்பன் சீட்டு வைத்து இழுக்கும் கையடக்க இயந்திரம் ஒன்று இருக்கும். இப்போதும் 'கார்டைத் தேய்த்தேன்' என்கிறோம். உண்மையில் தேய்த்தது அந்த இயந்திரத்தில்தான். அதில் பலர் கவனிக்காத ஒரு பாகம் உண்டு. கார்டு வைக்கும் இடத்துக்கு அருகிலேயே நிரந்தரமாகப் பொருத்திய சிறு தகடு. அதில் கடையின் பெயரும் வங்கி தந்த எண்ணும் புடைத்திருக்கும். ஒரே இழுப்பில் இரண்டு பெயர்களும் சீட்டில் விழும். வாங்குபவரைப் போலவே விற்பவரும் வங்கிக்குத் தன்னை நிரூபிக்க வேண்டியவராகிவிட்டார். சென்னையில் கடன் தகடு தேடுபவர் கேட்க வேண்டியது கடைக்காரரின் இந்தத் தகட்டைத்தான். பழைய கார்டுகளையும் சேர்க்கலாம், எண்ணை மறைத்துவிட்டுக் காட்டுவது நல்லது. இப்போது வரும் கார்டுகள் பலவற்றில் எழுத்து புடைத்திருப்பதில்லை. அவற்றை அந்த இயந்திரத்தில் வைத்து இழுத்தால் சீட்டில் விழுவது கடையின் பெயர் மட்டும்தான்.