முதுகில் மூட்டை, மடியில் தோழியின் பாதம்

"அறுபத்திரண்டு வயசில் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறாயாக்கும்! பேரனைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கக் கூடாதா?" என்று என் நாத்தனார் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். இவரும் நானும் இரண்டு வருஷமாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தது அவருக்குத் தெரியாது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் கிளம்பிவிட்டோம். ஆளுக்கொரு முதுகுப்பை. என்னுடையது ஆறு கிலோ. வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மலேசியா, கடைசியில் சிங்கப்பூர். மொத்தம் எழுபது நாள் திட்டம்.

ஊர் பார்ப்பது பாதிக் காரணம்தான். மறுபாதி, என் இரண்டு தோழிகள். 1978 முதல் 1981 வரை திருச்சியில் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள் மூவர். ஒருத்தி கல்யாணமாகி 1982-இல் 'சிதம்பரம்' கப்பலில் பினாங்குக்குப் போனாள். சென்னைத் துறைமுகத்தில் நின்று நான் கையசைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. (1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் நின்றது.) இன்னொருத்தி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டாள். கடிதங்கள் குறைந்து பொங்கல் வாழ்த்தாகி, அதுவும் நின்று போயிற்று. பிறகு செல்போன் புண்ணியத்தில் மூவரும் மறுபடி ஒட்டிக்கொண்டோம். பினாங்குக்காரியை அழைத்துக்கொண்டு நான் சிங்கப்பூர் போவது, அங்கே மூவரும் ஒன்றாக இருப்பது என்று ஏற்பாடு.

ராத்திரிப் பூஜை

இவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. "நிறைய நடக்கப் போகிறீர்கள், தினமும் பாதத்தைப் பாருங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் எந்த ஊரில் தங்கினாலும் ராத்திரி படுக்கும் முன் ஒரே கடமை: காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் அடிப்பாதத்தைப் பார்ப்பது. ஹனோயில் நடந்த நடையில் எனக்கே குதிகாலில் கொப்புளம் வந்தது. அன்று முதல் நானும் சேர்ந்துகொண்டேன்.

பிப்ரவரி நடுவில் பாங்காக்கிலிருந்து இரவு ரயிலேறி, காலையில் எல்லையிலுள்ள பாடாங் பெசார் வந்தோம். அந்த ஒரே ஸ்டேஷனில் தாய்லாந்துக்காரர்களும் மலேசியாக்காரர்களும் முத்திரை குத்துகிறார்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டு, வேறு ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன். படகுத்துறையில் நின்றிருந்தாள். பின்னல் இல்லை, உடம்பு பாதி ஆகியிருந்தது. ஆனால் அதே குரல்.

"வாடி! பசியாறிட்டியா லா?"

காலை உணவு சாப்பிட்டாயா என்று அந்த ஊரில் இப்படித்தான் கேட்கிறார்கள். நான் சிரித்தேன். சிரிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

காட்ட மறுத்த கால்

அவள் கணவர் இறந்து ஆறு வருஷம். மகன் கோலாலம்பூரில் வேலை. அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்புவதாகத்தான் நினைத்தோம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. வீட்டுக்குள்ளேயும் அவள் காலுறையைக் கழற்றவில்லை. நடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

ராத்திரி இவர் காலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி, பாத பூஜையா?" என்று கேலி செய்தாள்.

"உனக்கும் சர்க்கரைதானே? நீயும் நீட்டு" என்றேன்.

சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். இவர் எழுந்து பால்கனிக்குப் போன பிறகு, ரொம்பக் கெஞ்சியதும் காலுறையைக் கழற்றினாள். வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்து, மேலே காப்பித்தூள் அப்பியிருந்தது.

தைப்பூசத்தின் போது தண்ணீர்மலை முருகன் ரதத்தின் பின்னால் செருப்பில்லாமல் நடந்திருக்கிறாள். பினாங்கில் ரதத்துக்கு முன்னால் தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். சிரட்டைச் சில்லு குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். மூன்று வாரமாகிவிட்டது.

"வலிக்கவே இல்லைடி. தானா ஆறிடும். என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. அவங்கப்பாவுக்கு முதல்ல விரலை எடுத்தாங்க, அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தாங்க. எனக்கு அது வேண்டாம். விருந்தாளியா வந்தவ விருந்தாளியா இரு."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து வந்தவள், இரண்டு நாளில் போகப் போகிறவள், அதட்ட எனக்கு என்ன உரிமை? ஆனால் வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீண்ட நாள் சர்க்கரையில் காலின் நரம்பு மரத்துப் போகும், ரத்த ஓட்டமும் குறையும். வலி தெரியாததால் மேலும் மேலும் அதன் மேலேயே நடப்போம். கிருமி எலும்பு வரை இறங்கிவிடும்.

காலையில் சொல்லிவிட்டேன். "உன் பையனுக்கு நீ போன் பண்றியா, நான் பண்ணட்டுமா?"

மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. பிறகு கைப்பையோடு வந்து நின்றாள். "வா, போகலாம்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல வேளை, எலும்பைத் தொடவில்லை. கெட்ட சதையை வெட்டிச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, அந்தக் காலை ஊன்றவே கூடாது என்றார்கள். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் விரல் போயிருக்கும்" என்றார் அந்த லேடி டாக்டர். என் தோழி அப்போதுதான் அழுதாள்.

மூவரும் ஒரே கட்டிலில்

சிங்கப்பூர்ப் பயணத்தை ரத்து செய்தோம். 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களுக்கு விசா இல்லாமல் முப்பது நாள் அனுமதி கொடுத்திருந்தது வசதியாயிற்று. (இந்த விதிகள் மாறும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.) கட்டு மாற்ற அழைத்துப் போவது என் வேலை, கடைக்குப் போவது இவர் வேலை. மகன் லீவு போட்டு ஓடி வந்தான். "ஏன்ம்மா சொல்லலை?" என்று கேட்டானே தவிர, கோபிக்கவில்லை.

ஐந்தாம் நாள் வாசல் மணி அடித்தது. "நீங்க வரலைன்னா நான் வரேன்!" சிங்கப்பூர்க்காரி விமானமேறி வந்துவிட்டாள்! தலையணை மேல் தூக்கி வைத்த பாதத்தைச் சுற்றி மூவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினோம். அங்கோர் கோயில்களைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால்

* தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.
* வீட்டுக்குள்ளும் செருப்பு போடட்டும். போடும் முன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையால் தடவுங்கள்.
* கோயில் பிராகாரக் கல் வெயிலில் கொதிக்கும். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. காலை வேளையில் போங்கள்.
* வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள்.
* நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலை பிளேடால் சீவ வேண்டாம்.
* புண்ணில் காப்பித்தூள், மஞ்சள் அப்ப வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.
* வருஷம் ஒரு முறை டாக்டரிடம் பாதத்தைக் காட்டி உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று சோதியுங்கள்.

மார்ச் முதல் வாரம் கோலாலம்பூர் வழியாகச் சென்னை திரும்பினோம். "சிங்கப்பூர் பார்த்தாயா?" என்று கேட்டார் நாத்தனார். "அது இங்கே வந்துவிட்டது" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

புண் முழுவதும் மூட மே மாதம் ஆயிற்று. மற்றவர்கள் போனில் புதுப்புடவையும் பேரப்பிள்ளையும் அனுப்புவார்கள். என் தோழி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் இரண்டு அடிப்பாதத்தையும் படம் பிடித்து அனுப்புகிறாள். "பூஜை முடிந்தது" என்று கீழே ஒரு வரி. அது வந்த பிறகுதான் எனக்குப் பசியாறத் தோன்றும்.