உங்களுக்குத் தெரியுமா? மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் அல்ல!

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் பெயர் வைத்தவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. உன்னிச்சை படுவான்கரையில், வாவியை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் அந்தக் குளத்தின் கட்டில், பின்னேரம் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுக்கக் கமெராவோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். "எந்த லென்ஸ் நல்லம்?" என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். இந்த முறைத் துணுக்குகள் அவர்களுக்கு.

✦

பிள்ளையின் மூக்கு படத்தில் கொழுக்கட்டை மாதிரி வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். நீங்கள் நிற்கும் இடம்தான் பிழை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் இருப்பது சில அங்குலம்தான். முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் கமெராவைப் பிடித்தால் அந்தச் சில அங்குலம் பெரிய வித்தியாசம். ஐந்தடி தள்ளி நின்றால் அது கணக்கிலேயே வராது. 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதை அளந்து சொன்னார்கள்: 12 அங்குலத் தூரத்து செல்ஃபியில் மூக்கின் அகலம், ஐந்தடியில் எடுத்த படத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடத் தெரிகிறது. செல்ஃபியைக் காட்டி மூக்கைத் திருத்தச் சொல்லி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அந்தக் கணக்கு தேவைப்பட்டதாம்!

முகப்படத்துக்கு 85, 105 மி.மீ. லென்ஸ்களைச் சிபாரிசு செய்வதற்குக் காரணமும் இதுதான். முகம் சட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் அவை உங்களைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும்.

✦

கைப்பேசிக்காரருக்கும் இதே வைத்தியம். அதன் பிரதான கமெரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகலப் பார்வை கொண்டது. முகத்தை நிரப்ப வேண்டுமென்று கிட்டப் போகாதீர்கள். 2 மடங்கு பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் வையுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

✦

1984இல் பாகிஸ்தானின் நசீர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக்கண் ஆப்கான் சிறுமி ஷர்பத் குலாவின் படம் 1985 ஜூன் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்தது. அதை எடுத்தது நிக்கானின் 105 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ். பெரிய விலையுள்ள வகையே அல்ல.

✦

50 மி.மீ. லென்ஸ் எல்லாக் கமெராவிலும் 50 அல்ல. சிறிய சென்சர் உள்ள நிக்கான், சோனி கமெராக்களில் அது 75 மி.மீ. போலவும், கெனானில் 80 போலவும் பார்க்கும். அதாவது, விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 உங்கள் கையில் நல்லதொரு முகப்பட லென்ஸாகிவிடுகிறது. ஆசைப்பட்டு 85ஐ வாங்கினால் அது 127க்கு மேல் போய்விடும். வீட்டு அறைக்குள் சுவரோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டியதுதான்.

✦

பிள்ளைகளைப் படமெடுப்பதில் உலகப் பெயர் பெற்ற ஒருவர் நம் நாட்டு மண்ணில்தான் அடக்கமாகியிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கேமரன், 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமெரா பரிசளித்தபோது அவருக்கு வயது 48. பொழுதுபோக்குக்கென்று கொடுத்தது, பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. ஒருமுறை இரண்டு பிள்ளைகளை இருத்தி எடுக்கப் பார்த்தார். அதில் ஒன்று கெக்கெலி கொட்டிச் சிரித்ததில் படம் பாழ். ஒளி பதிய நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டிய காலம் அது. பிறகு ஒரு சிறுமியை மட்டும் உட்கார வைத்து, நீ அசைந்தால் என் மருந்தும் பாடும் வீண் என்று கெஞ்சி எடுத்ததுதான் 1864 ஜனவரியின் 'ஆனி'. தன் முதல் வெற்றி என்று அவரே குறித்த படம்.

தொடக்கத்தில் அவரிடம் இருந்தது பெட்ஸ்வால் வகைப் பிரெஞ்சு லென்ஸ். அந்த வகைக்கு ஒரு குணம்: நடுவில் கூர்மை, ஓரம் போகப் போகக் கலங்கல். மற்றவர்கள் அதைக் குறை என்றார்கள். கேமரனோ, ஃபோக்கஸைத் திருப்பிக்கொண்டே போய், எந்த இடத்தில் முகம் அழகாகத் தெரிந்ததோ அங்கே நிறுத்தினார். 1866இல் 30 அங்குலக் குவியத்தூரம் கொண்ட டால்மயர் லென்ஸ் ஒன்றை வாங்கி, 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடுகளில் தலை மட்டும் நிரம்பிய முகங்களை எடுத்தார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் நமது பாடப்புத்தகங்களில் வரும் கோல்புறூக்-கேமரன் ஆணைக்குழுவின் அதே கேமரன். களுத்துறையில் ஊர்ச் சனங்களையும் கொஞ்சம் படமெடுத்தார். 1879 ஜனவரியில் காலமானார். கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது. தேயிலை பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம்.

✦

அந்தப் பெட்ஸ்வால் ஒரு கணித ஆசிரியர். 1840இல் வியன்னாவில் அவர் உருவாக்கிய முகப்பட லென்ஸ் சுமார் எஃப் 3.6. அதற்கு முன்பிருந்தவற்றைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விட்டது. கணக்குப் போட அவருக்கு உதவியவர்கள் ஓஸ்திரிய பீரங்கிப் படையினர். குண்டு எங்கே விழும் என்று கணித்தவர்கள், வெளிச்சம் எங்கே விழும் என்றும் கணித்தார்கள்.

✦

முன்பள்ளி வகுப்பறைக்குள் படம் கலங்குகிறதா? கமெராவோடு வரும் கிட் லென்ஸ், முகத்துக்காக நீட்டும்போது எஃப் 5.6க்கு இறங்கிவிடும். எஃப் 1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் எடுக்கும். கிட் லென்ஸில் ஒரு நொடியில் 50இல் ஒரு பங்கு தேவைப்படும் இடத்தில், இதில் 450இல் ஒரு பங்கே போதும். நொடிக்கு இரண்டு மீற்றர் ஓடும் பிள்ளை முதலாவதில் 4 சென்டிமீற்றர் நகர்ந்துவிடும். இரண்டாவதில் அரைச் சென்டிமீற்றருக்கும் குறைவு. கலங்கலுக்கும் தெளிவுக்கும் இடையில் அவ்வளவுதான் சங்கதி.

✦

ஆனால் எஃப் 1.8ஐ வாங்கியவுடன் எல்லாவற்றையும் எஃப் 1.8இல் எடுக்கிற வியாதி ஒன்று இருக்கிறது. எனக்கும் இருந்தது. முழு அளவு சென்சரில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒன்றரை மீற்றரில் நின்றால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீற்றர். பிள்ளை தலையைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் தெளிவு, மறுகண் பஞ்சு! எஃப் 4க்கு மூடுங்கள். ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். இரண்டு பிள்ளைகள் என்றால் இருவரையும் கமெராவிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்துங்கள்.

✦

"பின்னுக்கு ப்ளர் வருமா?" என்று கேட்காத பிறந்தநாள் வீடு இல்லை. அந்தக் கலங்கலுக்கு ஜப்பானியர் சொல்வது 'பொக்கே'. 1990களின் கடைசியில்தான் ஆங்கிலப் பத்திரிகைகளில் அது பரவியது. அதற்கு எப்போதும் விலையுள்ள லென்ஸ் வேண்டியதில்லை. பிள்ளையைச் சுவரை விட்டு விலக்குங்கள். குளக்கட்டில் நிறுத்தினால் பின்னால் எட்ட வரைக்கும் தண்ணீர், காடு. கிட் லென்ஸைக் கடைசி வரை நீட்டி எடுத்தாலே ப்ளர் வரும்.

✦

மாரிக்காலத்தில் லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரிப் படர்வது தூசி அல்ல, பூஞ்சணம். முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். தோல் பையும் மூடிய அலுமாரியும் அதற்குச் சொந்த வீடு. என்னுடைய பழைய 50 மி.மீ. அப்படித்தான் போனது. காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பாவிப்பது, இவ்வளவும் போதும். அரிசிப் பேணிக்குள் புதைத்து வைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், அரிசித் தூசி உள்ளே போகும்.

✦

ஏப்ரல் இரண்டாம் வாரமளவிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் மட்டக்களப்பில் நேர் உச்சிக்கு வரும். அப்போது எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துவிடும். அதைத் திருத்த எந்த லென்ஸாலும் முடியாது. பின்னேரம் வரை பொறுங்கள். ஆனால் இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், அடிவானத்துக்கு ஆறு பாகை மேலே இருந்து மறைவதற்கு 25 நிமிடமளவுதான். லண்டனில் இருப்பவருக்கு நாற்பது நிமிடத்துக்குக் கிட்டக் கிடைக்கும். அந்த 25 நிமிடத்தில் குளக்கட்டில் குனிந்து லென்ஸ் மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள். நிமிர்ந்து "இங்க பாருங்க மனே" என்று கூப்பிடும்போது பிள்ளைகள் கட்டின் மறுமுனைக்கு ஓடிப்போயிருப்பார்கள்.