குச்சியின் மேல் பழி!

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் கற்பக விநாயகர் அசையாமல் வீற்றிருப்பது அழகு. அதே ஊரில், டெலிவிஷனில் ஓடும் படமும் அசையாமல் நின்றுவிட்டால்? இணையப் படம் காட்டும் அந்தச் சிறு குச்சி தொலைந்தது என்று புதிதுக்குப் பணம் எடுத்துவிடாதீர்கள், சகோதரிகளே!

நின்று நின்று ஓடினால் வைஃபையைச் சந்தேகியுங்கள். செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சோர்ந்துவிடும். வேகம் குறைந்தாலும் 2.4 அலையே அங்கே கெட்டிக்காரி. முழு ஹெச்.டி. படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வந்தால் போதுமே! டெலிவிஷனின் முதுகோடு குச்சி ஒட்டிக் கிடந்தாலும் அலை சரிவரக் கிட்டாது. சில குச்சிகளுடன் வரும் குட்டி இணைப்புக் கம்பி அதற்குத்தான். அதை அலமாரியில் பத்திரப்படுத்துவானேன்?

திரையே இருண்டு இருண்டு மீள்கிறதா? டெலிவிஷனின் யு.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் குச்சிக்கு அரைவயிற்றுக் கஞ்சி. கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள். பிறகும் இருண்டால், ஹெச்.டி.எம்.ஐ. துளையை மாற்றிப் பாருங்கள்.