லயத்து நாய்க்கு வைத்தியர் எங்கே?

நோய் கொல்லுமுன் தூரம் கொன்றுவிடும் என்பது மலைநாட்டு லயங்களில் நாய் வளர்ப்போர் அறிந்த உண்மை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக போதனா வைத்தியசாலை உண்டு. ஆயினும் நஞ்சுண்ட நாயுடன் ஹட்டனிலிருந்து புறப்படுவோருக்கு அம்மலைப்பாதை முடிவற்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை, அதிகாரிகளே முன்னின்று, தொலைவிலுள்ள உடவளவைக்குக் கொண்டுசென்றனர், அதுவும் பிழைக்கவில்லை. அவ்வாறிருக்க, ஏழைத் தொழிலாளியின் நாய்க்கு வண்டி தருவார் யார்?

“நாய்க்கும் வாகனமா?” என நகைப்போரை நான் கண்டதுண்டு. சிறுத்தை உலவும் இரவில் நம் குழந்தைகளுக்காக முதலில் குரைப்பது அதுவல்லவா?

ஆதலின் அன்பர்களே, அரச மிருக வைத்தியரின் தொலைபேசி எண்ணை இன்றே இஸ்தோப்புச் சுவரில் எழுதிவையுங்கள். நஞ்சுண்டால் உப்புநீர் புகட்டாதீர்கள், அது ஆபத்து. உண்ட பொருளின் பெயரை வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். வாயில்லா உயிருக்காக நாமன்றோ வாய்திறக்க வேண்டும்!