ஓட்டத் தெரியுமா என்பதல்ல கேள்வி

கிழக்கிலங்கையின் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை அக்கரைக்குப் போக இழுவைப் பாதைக்குக் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. இன்று பாலையூற்றில் ஸ்கூட்டியை எடுக்கும் ஓர் ஆசிரியை சீனன்குடா வழியாக வந்து, அந்த 396 மீற்றரை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். பாலத்துக்கு நிதி தந்தது சவூதி அரேபியா. தன் நாட்டுப் பெண்களையோ அது 2018 ஜூன் 24 வரை வாகனம் ஓட்ட விடவில்லை. அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட நியாயங்கள் அந்நாட்டோடு நிற்பவை அல்ல; நம் வீடுகளிலும் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்பவைதான்.

அங்கே அப்படியொரு சட்டம் எழுத்தில் நெடுங்காலம் இருக்கவில்லை. பெண்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். 1990 நவம்பரில் 47 பெண்கள் ரியாத் வீதிகளில் கார்களில் அணியாகச் சென்ற பிறகே உள்துறை அமைச்சு தடையை வெளிப்படையாக அறிவித்தது. மார்க்கம் என்றார்கள், எகிப்திலும் மலேசியாவிலும் முஸ்லிம் பெண்கள் அப்போதே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உடல்நலம் என்றார்கள், வாகனம் ஓட்டினால் சூலகம் கெடும் என்று 2013இல் ஒரு மார்க்க அறிஞர் சொல்லி, உலகமே சிரித்தது. இவற்றையெல்லாம்விட ஒரு சங்கதி முக்கியம்: அதே நாட்டின் பாலைவனக் கிராமங்களில் பெதூயின் பெண்கள் பிக்கப் ஓட்டினார்கள், பெரிதாக யாரும் தடுக்கவில்லை. அங்கே வண்டி குடும்பத்தின் வேலைக்காக ஓடியது. நகரத்தில் அதே வண்டி, அவள் தீர்மானித்த இடத்துக்குப் போகும். தடுக்கப்பட்டது இதுதான். தடை நீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், அதற்காகப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் கைதானதையும் வேறெப்படி விளங்கிக்கொள்வது? அனுமதியை அரசு தானாகக் கொடுக்கலாம், பெண்கள் கேட்டுப் பெறக் கூடாது.

பெண்களுக்கு நிதானம் போதாது, விபத்து கூடும் என்போர் உண்டு. வீதி விபத்துகளில் ஆண்கள் இறக்கும் வாய்ப்பு பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்கள்தானே கூடுதலாக ஓட்டுகிறார்கள் என்று மறுக்கலாம், நியாயமான மறுப்பு. எனவே அந்த எண்ணைக் கொண்டு பெண்களே சிறந்த சாரதிகள் என்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் பெண்களை விலக்க அது நிச்சயம் உதவாது. இன்னொரு வாதம் அக்கறையோடு வரும்: தனியே போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை. சரி, ஸ்கூட்டியை விட்டால் பஸ்தானே? ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் இலங்கை ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். சவூதியில் இதே அக்கறை, பெண்ணை முன்பின் தெரியாத கூலிச் சாரதியோடு தனியே அனுப்பிவைத்தது.

இலங்கையில்தான் தடையே இல்லையே, பிறகென்ன பேச்சு என்று கேட்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வயதைப் பார்க்கும், கண்பார்வையைப் பார்க்கும். ஆணா பெண்ணா என்று பார்த்து மறுப்பதில்லை. பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிப்போகும் தாயை ஊரும் மெச்சுகிறது, அதுவும் குடும்ப வேலைதானே. அவளே ஓர் ஓட்டோவை வாங்கி, ஸ்டாண்டில் ஆண்களுக்கு நடுவே நிறுத்தி, இரவு ஒன்பது மணிக்கு வாடகைக்குப் போகட்டும். அப்போது அவளுக்கு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் ஆம்பிளை இல்லையா என்றுதான் கேட்பார்கள்.