வைரஸ் அடங்கிய பிறகும் துடிப்பு தடுமாறுவது ஏன்?

நண்டு வளையைப் பற்றித் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி கட்டிய தண்ணீர் விடிவதற்குள் வடிந்திருந்தால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைச் சுற்றி வருவார். எங்கோ ஓரிடத்தில் விரல் நுழைகிற துளை ஒன்று அகப்படும்.

எச்.ஐ.வி. நம் குடலில் செய்வதும் இதுதான். தொற்றிய சில வாரங்களிலேயே, குடல் சுவரில் காவல் நிற்கும் சி.டி.4 செல்களைப் பெருமளவு அழித்துவிடுகிறது. சுவர் கசிகிறது. குடலில் கிடக்க வேண்டிய பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றைக் கண்ட தற்காப்புச் செல்கள் இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. கூட்டு மருந்து வைரஸை அடக்கிவிடும். ஆனால் வளை முழுதாக அடைபடுவதில்லை. உமிக் குவியலுக்குள் கனலும் நெருப்பைப் போல அழற்சி உள்ளேயே கிடக்கிறது.

இந்தக் கனல் இதயத்தை எப்படித் தொடுகிறது? ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் அலை. பொட்டாசியம், சோடியம், கால்சியம் அயனிகள் செல்லுக்குள் போய்வரும் வாசல்கள்தான் அதை நடத்துகின்றன. இன்டர்லூகின்-6 பொட்டாசிய வாசலை மந்தப்படுத்துகிறது. ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராக நேரம் கூடுகிறது, ஈ.சி.ஜி. தாளில் 'க்யூ.டி.' இடைவெளி நீள்கிறது. ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் தசைக்குள் தழும்பு படியும். மின் அலை சுற்றுவழியில் திரும்பும், மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். சான்பிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே திடீர் இதய மரணம் எதிர்பார்த்ததைவிட நான்கரை மடங்கு அதிகம் என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அரசின் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியபோது தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். இனி அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதயத்தைப் பற்றியது.

நல்ல செய்தியும் உண்டு. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வில், பிட்டாவாஸ்டாடின் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளை 35 சதவீதம் குறைத்தது. முடிவு 2023இல் வெளியானது. துடிப்புக் கோளாறுக்கான மருந்தல்ல அது. ஆனாலும், வைரஸ் அடங்கியவர்களின் இதயத்தைத் தனியே பாதுகாக்க முடியும் என்று காட்டிவிட்டது.

2006இல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வோ எச்சரிக்கை. மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களிடம் மரணமும் இதய நோயும் கூடின. நிறுத்திய ஒரே மாதத்தில் இன்டர்லூகின்-6 ஏறியது.

மையத்தில் எடை பார்ப்பதுபோல நாடி பார்ப்பதும் வழக்கமாக வேண்டும் என்பேன். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தால் போதும். துடிப்பு சீராக வருகிறதா, தாறுமாறாக ஓடுகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரியும். படபடப்போ மயக்கமோ வந்தால் கவலையால் என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுக்கக் கேளுங்கள். நடவு நாளில் மையத்துக்குப் போனால் கூலி போய்விடுமே என்று மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லா எண் 1097.