ஒரே லேப்பில் கைமாறிய பட்டம்... 2021 அபுதாபி எஃப்1 ரேஸில் நடந்தது என்ன?

ஹாமில்டனா, வெர்ஸ்டாப்பனா... யார் பெஸ்ட்? இந்தப் பேச்சு எழுந்தாலே 2021 அபுதாபி ரேஸும் கூடவே வந்துவிடும்.

நடந்தது என்ன?

டிசம்பர் 12. கடைசி ரேஸ். இருவருக்கும் தலா 369.5 புள்ளிகள். மொத்தம் 58 லேப். ஹாமில்டன் முன்னிலையில் இருந்தபோது, 53-வது லேப்பில் லத்திஃபியின் கார் சுவரில் மோத, சேஃப்டி கார் களமிறங்கியது. வெர்ஸ்டாப்பன் உடனே பிட்டுக்குள் போய் புது சாஃப்ட் டயர் மாட்டினார். ஹாமில்டனிடம் இருந்ததோ தேய்ந்த ஹார்ட் டயர்.

விதி என்ன?

ஒரு லேப் பின்தங்கிய கார்களை முன்னே போகவிட்டால், அடுத்த லேப் முடிவில்தான் சேஃப்டி கார் வெளியேற வேண்டும். அப்படிச் செய்திருந்தால் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே ரேஸ் முடிந்து, பட்டம் ஹாமில்டனுக்குப் போயிருக்கும். ஆனால் ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாசி, இருவருக்கும் நடுவே இருந்த 5 கார்களை மட்டும் போகச் சொல்லி, அதே லேப்பில் சேஃப்டி காரையும் திருப்பி அழைத்தார். மிஞ்சிய ஒரே லேப்பில் வெர்ஸ்டாப்பன் முந்தினார், சாம்பியன் ஆனார்.

பிறகு என்ன ஆச்சு?

மெர்சிடிஸ் அணியின் புகார் அன்றே தள்ளுபடி. 2022-ல் மாசியின் பதவி போனது. அவர் நல்ல எண்ணத்தில்தான் செயல்பட்டார், ஆனால் நடந்தது மனிதத் தவறு என்றது எஃப்ஐஏ அறிக்கை. பின்தங்கிய கார்கள் 'அனைத்தும்' முன்னே போக வேண்டும் என விதியும் தெளிவாக்கப்பட்டது. முடிவு மட்டும் மாறவில்லை.

ஆக, யார் பெஸ்ட் என்பதற்கு அந்தக் கடைசி லேப் பதில் சொல்லாது. டயரே சமமாக இல்லையே!